ஒத்தைக் கெட்டா ரெட்டைக் கெட்டா

சூடத்தை ஏத்திக் கொண்டாங்க, உள்ளங்கையால அடிச்சு அணைச்சுக் காட்டுதேன். இதுல ஒரே ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் என் நாக்கு அழுவி என் மடியிலயே விழட்டும். சிரிக்காதிய. பொன்னுலிங்கம் வாயத் தொறந்தாலே புளுகுன்னு நீங்க நெனைக்கது எனக்குத் தெரியாதா? மூணாங் கிளாசோட பள்ளிக்கூடத்த விட்டவன் நான். வாத்தியாரு சொல்லித் தந்ததுல இன்னைக்கு மிச்சம் இருக்கது, அவரு வேட்டியத் தூக்கிக்கிட்டு நடக்கத நடந்து காட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனா இது அந்த மாதிரி இல்ல. ஒரு காலைப் பொழுது, வெள்ளி மொளைச்சதுலேருந்து வெயிலு வாறது வரைக்கும், ஆனைகுத்திக் குளத்துல கோரைக்குள்ள குத்த வச்சு உக்காந்துக்கிட்டு என் மண்டைக்குள்ள என்ன ஓடிச்சோ, அதை அப்படியே கொட்டுதேன். பெறக்கிக்கிடுங்க.

குளிரு. தண்ணி கணுக்காலோட நிக்கு, நடுக்கம் பல்லு வரைக்கும் ஏறிட்டு. கோரைய வளைச்சுக் கெட்டி மறைப்பு செஞ்சிருக்கோம், ரெண்டு பேரு இடிச்சுக்கிட்டு உக்காரலாம், மூணாவதா ஒரு கொசு வந்தா எடமில்ல. எனக்கு எடது பக்கம் என் தம்பி லிங்கத்துரை. அவன் மடியில துப்பாக்கி. லைசென்சு பெரியப்பா பேருல, சுடப்போறவன் தம்பி, மருந்தும் ரவையும் கெட்டிச்சுக் குடுத்தவன் நான். நல்லாத்தான் இருந்தேன். முன்னால தண்ணியில மெதக்க, வாத்து கணக்கா செஞ்ச குடுக்கைய எண்ணிக்கிட்டு, பன்னெண்டும் இருக்கான்னு பாத்துக்கிட்டு, நல்லாத்தான இருந்தேன். அப்பம் நெஞ்சுக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு. மொளகு ரவைய எடுத்தேனா? லே பொன்னுலிங்கம், மொளகு ரவைய வெளிய எடுத்துட்டா பட்டாணியப் போட்ட? எடுத்தேன். எடுத்திருப்பேன். எடுக்காம எவனாவது போடுவானா? நான் போடுவேன். இது குழலு வாய் வழியா கெட்டிக்க நாட்டுத் துப்பாக்கி. மொதல்ல மருந்து, மேல தேங்கா நாரு, கம்பிய விட்டு இடி, அதுக்கு மேல ரவை, மறுபடி நாரு, மறுபடி இடி. அது ஒரு கெட்டு; அத எடுக்காம, காலின்னு நெனைச்சு மேல இன்னொண்ணு போட்டா ரெட்டைக் கெட்டு. ரவை மூணு தினுசு. கடுகு, மொளகு, பட்டாணி. கடுகு உள்ளான் குருவிக்கு, மொளகு சிறகிங்குத சின்ன வாத்துக்கு. பட்டாணின்னா பெரிய ஈயக் குண்டு, அது பட்டைத்தலைக்கு. பட்டைத்தலைன்னா வடக்கேருந்து மார்கழியில வாற பெருவாத்து, தலையில ரெண்டு கருப்புப் பட்டை, இறகு கம்பளி கணக்கா. மொளகு ரவைய அது மேல விட்டா சொறிஞ்சு விட்ட மாதிரி நெனைச்சுட்டுப் போயிரும். வெள்ளி மொளைக்க நேரம் வந்து உக்காந்ததும் கைக்கு எட்டுத தூரத்துல சிறகிக் கூட்டம் கெடந்துது, சரி மொதல்ல அதுல ஒண்ணத் தட்டுவோம்னு மொளகு கெட்டிச்சேன். அது தெரியும். இடிச்ச கையில இன்னும் வலி இருக்கு. அப்பம் லிங்கத்துரை காதுக்குள்ள வந்து, "ண்ணே, தெக்க கேக்கு பாரு, பட்டைத்தலைச் சத்தம். சிறகி சவத்த விடு. பட்டாணி போடு"ன்னான். அதுக்கு அப்புறம்தான் இருட்டு. வெளியில இருந்த இருட்டச் சொல்லல, மண்டைக்குள்ள. கம்பி நுனியில திருகு மாட்டி உள்ள விட்டுத் திருகினா பழைய நாரு மாட்டிக்கிட்டு வெளிய வரும், அப்புறம் குழலக் கவுத்துனா ரவை உள்ளங்கையில வந்து விழும், சில்லுன்னு விழும், அந்தச் சில்லு எனக்கு ஞாபகம் இருக்கு. இருக்குல்லா? அப்பம் எடுத்தாச்சு. ஆனா நேத்தும் இதே குளம், இதே மறைப்பு, நேத்தும் மொளகு கெட்டிச்சு, ஒண்ணும் வராம, வீட்டுக்குப் போவும்போது திருகிக் கவுத்தேன். அந்தச் சில்லு நேத்தைய சில்லா, இன்னைய சில்லா? சில்லுல தேதி போட்டா இருக்கு?

பைக்குள்ள கைய விட்டுப் பாக்கேன். மொளகுப் பொட்டணம் கனமா இருக்கு. வெளிய எடுத்தத திரும்பப் போட்டதால கனமா, இல்ல முன்னாடியே அவ்வளவு கனமா? நான் என்ன தராசா? மருந்து வச்சிருக்க மாட்டுக்கொம்ப ஆட்டிப் பாக்கேன், சலசலங்குது, அது எப்பவும் சலசலங்கும். துப்பாக்கி வாயில எருக்கலை சொருவி இருக்கு. அது எங்க பக்கத்து வழக்கம். கெட்டிச்ச துப்பாக்கின்னா வாயில ஒரு எருக்கலை இருக்கணும். எலை இருந்தா, உள்ள கெட்டு இருக்கு, தொடாத. எலை இல்லையா, காலி, நீ கெட்டிச்சுக்கோ. எங்க ஆளுக எழுத்துப் படிக்க மாட்டாவ, எலையப் படிப்பாவ. எலை இருக்கு, சரி. எத்தனை கெட்டுன்னு எலைக்கு எண்ணத் தெரியுமா? கம்பிய உள்ள விட்டா ஒரு நொடியில தெரிஞ்சிரும். ஒத்தைக் கெட்டுன்னா கம்பி வாய்க்கு வெளிய நாலு வெரக்கடை நிக்கும், ரெட்டைன்னா எட்டு. ஆனா கம்பிய விட்டா இரும்புல இரும்பு டங்குன்னு குளம் பூரா கேக்கும், பட்டைத்தலை பாதி வழியிலயே திரும்பிரும். அதுவும் இல்லாம அவன் கேப்பான். எதுக்குண்ணே இப்பம் கம்பிய விடுத? எதுக்குன்னு சொல்லணும். சொன்னா அதோட நிக்குமா? "ண்ணே"ங்கான் லிங்கத்துரை, பாருங்க, நெனைக்கும்போதே, "என்ன பையக் குடையுத? பொடி மட்டையா?" "ஆமாலே, ஒனக்கு ஒரு சிட்டிகை வேணுமா? நீ தும்மு, வாத்து செத்து விழும்." அவன் சத்தமில்லாம சிரிக்கான், தோளு குலுங்குது, மடியில துப்பாக்கியும் குலுங்குது. பாத்தியளா, வாய் தானா பேசுது. கொலையே நடந்தாலும் இந்த வாய் ஒரு நக்கலத் துப்பிட்டுத்தான் மூடும்.

குடுக்கைய எண்ணு. குடுக்கைய எண்ணுனா நெனைப்பு அடங்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு. சுரைக்குடுக்கை பன்னெண்டு, ஒவ்வொண்ணுக்கும் பனைமட்டையில கழுத்து, சுண்ணாம்பு அடிச்சு, கரியில தலைக்கு ரெண்டு பட்டை போட்டது என் வீட்டுக்காரி. ஒண்ணுக்கு மூணு பட்டை போட்டுட்டா. கேட்டதுக்கு "அது அவுகள்ல சாமியாரு"ன்னா. அவளும் என்கூட இருந்து இருந்து கெட்டுப்போயிட்டா. குடுக்கைய லாடம் மாதிரி விட்டிருக்கு. வாடைக் காத்து நம்ம முதுகுப் பக்கத்துலேருந்து அடிக்கு, வாத்து காத்த எதுத்துத்தான் எறங்கும், அதால லாடத்தோட தொறந்த பக்கம் அந்தால, வளைவு இந்தால, நடுவுல ஒரு பாய் விரிக்க அளவு தண்ணி வெறுமனே கெடக்கு. நம்ம ஆளுக உக்காந்திருக்காவ, நடுவுல எடமும் இருக்குன்னு நெனைச்சு, கால நீட்டி, றெக்கைய விரிச்சு, நெஞ்சக் காட்டிக்கிட்டு அங்கதான் வந்து எறங்கும். முப்பது எட்டு தூரம். நெஞ்சுல பட்டாணி. எல்லாம் லிங்கத்துரை ஏற்பாடு. கண்ணு ஒண்ணு போனபொறவு தண்ணியப் பாத்தா அவனுக்கு ரெண்டு கண்ணுக்காரனுக்குத் தெரியாததெல்லாம் தெரியுது. பதினோரு குடுக்கை மூக்கக் காத்துக்குக் குடுத்து நிக்கு, ஒண்ணு மட்டும் குண்டியக் காட்டிக்கிட்டு நிக்கு, கயித்த மாத்திக் கெட்டுனது யாரு, நான்தான். எதைக் கெட்டுனாலும் இப்படித்தான் கெட்டுவேன். பாத்தியா, திரும்பி அங்கதான் வந்து நிக்கு. கெட்டு. ஒத்தைக் கெட்டா ரெட்டைக் கெட்டா. ரெட்டைன்னா குழலு தாங்காது, வெடிச்சுப் பின்னால வரும். அவன் இப்பம் எடது தோளுல வச்சுச் சுடுதான், எடது கண்ணால குறி பாக்கான். இருக்கது அந்த ஒரு கண்ணுதான. அது போனா?

சேர்மக்கனி அண்ணாச்சி முற்றத்துல நின்னு சொன்னாரே, அந்தக் குரலு இப்பமும் கேக்கு. அவரு மவ தங்கப்பழத்த லிங்கத்துரைக்குன்னு ரெண்டு வீட்டுலயும் பேசி வச்சிருந்துது, அவனுக்கு அடிபடுததுக்கு முன்னால. அவளும் இவன விட வேற ஆளப் பாக்க மாட்டேன்னுதான் ரெண்டு வருசமா இருக்கா. அண்ணாச்சி என்ன செய்வாரு, அவரு பெத்தவரு. "ஏ பொன்னுலிங்கம், எடது கையில மூணு வெரலு, மூஞ்சியில ஒரு கண்ணு. இவன் மரம் ஏறுவானா, மண்ணு வெட்டுவானா? எம்மவளுக்கு இவன் கஞ்சி ஊத்துவானா, இல்ல இவனுக்கு அவ ஊத்தணுமா?"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம்லா? இருந்தா நான் பொன்னுலிங்கமா? "அண்ணாச்சி, அவன் அந்த ஒத்தைக் கண்ணால பறக்குத பட்டைத்தலையத் தட்டுவான்"ன்னேன். அவரு வெத்தலையத் துப்பிட்டு, "அப்பம் தட்டிட்டு வரச் சொல்லு. ஒண்ணு போதும். எம் முற்றத்துல கொண்டாந்து போடச் சொல்லு, நானே வெத்தலை பாக்கு எடுத்து வைக்கேன். வியாழக்கிழமை சாத்தாங்குளத்துலேருந்து பொண்ணு பாக்க வாறாவ. அதுக்கு முந்தி"ன்னுட்டாரு. இன்னைக்கு புதன். பட்டைத்தலை ராத்திரி பூரா கடலைக்காட்டுலயும் வயலுலயும் மேஞ்சுட்டு விடியும்போதுதான் குளத்துக்கு வரும், ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு எறக்கம். நேத்து வரல. முந்தாநாளு வந்து சுத்திட்டுப் போயிட்டு. இன்னைக்குத்தான். இவன் ரெண்டு வருசத்துக்கு அப்புறம் துப்பாக்கியத் தொடுதான். தொடவே மாட்டேன்னு கெடந்தவன். எடது தோளுல வச்சு வெறும் கம்பால ராப்பகலா பழகுனான், பாத்துக்கிட்டேதான இருந்தேன். துப்பாக்கிக் குதிரை சுத்தியலு கணக்கா விழுந்து, மருந்துக்குத் தீ வைக்க கேப்பு வெடிக்கும்போது கண்ண மூடிரக் கூடாதேன்னு, வீட்டுல அவன் மைனிய, அதான் என் வீட்டுக்காரிய, பக்கத்துல நின்னு கைதட்டச் சொல்லிச் சொல்லிப் பழகுனான். அவன் கையில நான் எதைக் குடுத்து வச்சிருக்கேன்?

சொல்லிரு. சொல்லிரு மூதி. "லே, எனக்குச் சந்தேகமா இருக்கு, ஒரு தடவ திருகிப் பாத்திருவோம்"னு சொல்லு. எட்டுச் சொல்லு. ஒரு நாளைக்கு அம்பதாயிரம் சொல்லு பேசுத நாக்குக்கு எட்டுச் சொல்லு ஏன் வரமாட்டங்கு? ஏன்னா அவன் கேப்பான், ரெட்டைக் கெட்டு எப்படிண்ணே விழும், எலைதான் இருக்கேன்னு. எலை. அந்த எலை. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு எலை இல்ல. வேணாம், அங்க போகாத, குடுக்கைய எண்ணு, ஒண்ணு, ரெண்டு, போயிட்டேன். அன்னைக்கு வேற குளம், நல்ல வெயிலு, கூட நாலஞ்சு பேரு. நான்தான் மொதல்ல கெட்டிச்சேன். தேங்கா நார இடிச்சு முடிச்சு, எருக்கலையப் பறிச்சுக் கையில வச்சிருந்தேன். எவனோ "பொன்னுலிங்கம், வாத்தியாரு எப்படி நடப்பாரு?"ன்னான். கையில இருந்த எலைய மூக்குக்கண்ணாடி கணக்கா மூக்குல வச்சுக்கிட்டு நடந்தேன். எல்லாவனும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். குழலு வாயில இருக்க வேண்டிய எலை என் மூக்குல. லிங்கத்துரை கரையில இருந்து சிரிச்சுக்கிட்டே வந்தான், துப்பாக்கியப் பாத்தான், எலை இல்ல, கெட்டிச்சான். நான் நடந்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது சுத்து. அப்பம்தான் டமார்னு. புகை. புகைக்குள்ள அவன் உக்காந்திருந்தான், கைய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டு, வெரலு இருக்க வேண்டிய எடத்துல. எல்லாவனும் என்ன சொன்னான்? "பய பேராசையில ரெண்டு தடவ போட்டுட்டான்"னான். அவனே ஆஸ்பத்திரியில, கட்டுப் போட்ட மூஞ்சியோட, "நான்தான்ணே மறந்து ரெண்டு தடவ போட்டுட்டேன் போல"ன்னான். நான் என்ன சொன்னேன்? "சரி விடு, ஒரு கண்ணு இருந்தா சினிமாவுக்குப் பாதி டிக்கெட்டு"ன்னேன். சிரிச்சான். தையலு வலிக்கும்னு கன்னத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். தினம் போயிச் சிரிக்க வச்சேன். ரெண்டு வருசமா சிரிக்க வச்சுக்கிட்டே இருக்கேன், நிறுத்துனா அவன் யோசிப்பான்னு பயம். இன்னைக்கு நான் "சந்தேகம்"னு வாயத் தொறந்தா அவன் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு கூட்டிருவான். கூட்டட்டும். கூட்டட்டுமா? கண்ணு போறதுக்குப் பதிலா கூட்டட்டுமே. இல்ல, எடுத்திருப்பேன். சில்லுன்னு விழுந்துதுல்லா. எடுத்துட்டேன். ஏ சாமி, எடுத்துட்டேன்னு யாராவது சொல்லுங்களேன்.

"ண்ணே." குரலு மாறிட்டு. தெக்க, பனைக்கு மேல, கயிறு அந்து தொங்குத மாதிரி ஒரு கோடு. ஆங், ஆங்னு சத்தம். பதினஞ்சு, இருவது. சுத்துது. ஒரு சுத்து நம்ம தலைக்கு மேல, றெக்கை காத்தக் கிழிக்கது கேக்கு, பாய நார் நாராக் கிழிக்க மாதிரி. நான் மூச்ச விடல. திரும்பிப் போயிரு. போயிரு சவமே, எங்கயாவது போயிரு, வேற குளமே இல்லையா ஒனக்கு. ஐயோ, போயிராத, நாளைக்கு சாத்தாங்குளத்துக்காரன் வந்திருவான். போயிரு. போயிராத. லிங்கத்துரை எலைய உருவி வாயில கடிச்சுக்கிட்டான். கேப்ப வச்சான். குதிரைய இழுத்தான், க்ளக். துப்பாக்கி எடது தோளுல ஏறிட்டு. குதிரை வலது பக்கம், என் மூஞ்சிக்கு முன்னால, கொத்தப்போற கோழி கணக்கா நிக்கு. அதுக்கு ஒரு சாண் பின்னால அவனோட கண்ணு. இமை கூட ஆடல. கைதட்டிக் கைதட்டிப் பழகுன கண்ணு. மூணாவது சுத்துல கூட்டம் காத்த எதுத்துத் திரும்பிட்டு, றெக்கைய விரிச்சிட்டு, கால நீட்டிட்டு, லாடத்துக்குள்ள, சொன்ன எடத்துல, அவன் சொன்ன அதே எடத்துல. "லே," வந்துட்டு, எப்படியோ சொல்லு வந்துட்டு, "லே, ரெட்டைக் கெட்டா இருக்குமோன்னு பயமா இருக்குலே." அவன் கண்ண எடுக்கல. "சிரிக்க வைக்காதண்ணே. கை ஆடும்." "சிரிப்பு இல்லலே, நெசமா." "பேசாத கெட, ஒன் காலுல விழுதேன்." வெரலு மடங்குது. அந்த மூணு வெரலுல ஒரு வெரலு மடங்குது. நான் நெனைக்கவே இல்ல. சத்தியமா நெனைக்கல, அன்னைக்குப் பூரா நான் நெனைக்காம செஞ்ச ஒரே காரியம் அதுதான். என் கட்டைவெரல குதிரைக்கும் கேப்புக்கும் நடுவுல குடுத்தேன்.

குதிரை என் நகத்துல எறங்கிட்டு. வெடிக்கல. நான்தான் வெடிச்சேன், "யம்மா"ன்னு அலறுனதுல குளமே எழும்பிட்டு. பட்டைத்தலை, சிறகி, கொக்கு, எல்லாம். தண்ணியில குடுக்கை பன்னெண்டும் சாமியாரோட சேந்து அப்படியே இருந்துது, அதுக மட்டும்தான் நம்மள விட்டுப் போகல. லிங்கத்துரை துப்பாக்கிய எறக்குனான். வானத்தப் பாத்தான். கோடு சின்னதாகி, புள்ளியாகி, பனைக்கு அந்தால போறது வரைக்கும் பாத்தான். அப்புறம் பையப் பைய என் வெரல குதிரையிலேருந்து எடுத்து விட்டான். "ஏண்ணே?"ன்னான். திட்டல, அதான். திட்டியிருந்தா தாங்கிருப்பேன். "ரெட்டைக் கெட்டு"ன்னேன். அவன் கேப்ப எடுத்து எறிஞ்சான், திருக மாட்டினான். நாரு வந்துது. கவுத்தான். பட்டாணி, ஒவ்வொண்ணா, பன்னெண்டு. மறுபடி திருகுனான். நாரு. கவுத்தான். மருந்து கருப்பாக் கொட்டிச்சு. மறுபடி திருகுனான், திருகு அடியில போயி டங்குன்னு இரும்புல தட்டிச்சு. ஒண்ணும் இல்ல. ஒத்தைக் கெட்டு. மொளகு ரவைய நான் எடுத்துத்தான் இருந்திருக்கேன். பொறுப்பா, ஒழுங்கா, வாழ்க்கையில ஒரு தடவ ஒழுங்கா செஞ்சிருக்கேன். அவன் அந்தப் பன்னெண்டு குண்டையும் உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான்.

அப்பம் சொன்னேன். வெரலுலேருந்து ரத்தம் ஒழுவ ஒழுவச் சொன்னேன். அன்னைக்கு மொதல்ல கெட்டிச்சது நான், எலைய மூக்குல வச்சுக்கிட்டு நடந்தது நான், ஒன் கண்ண எடுத்தது நான், நீ மறக்கல, நீ ஒரு தடவதான் கெட்டிச்ச, ரெண்டு வருசமா வாய மூடிக்கிட்டிருந்தேன்னு, ஒண்ணு விடாம. அழுதேன். அவன் என் மூஞ்சியவே பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். எப்ப சிரிப்பேன், எப்ப கண்ணடிப்பேன்னு பாத்திருக்கான், எனக்கு அது பொறவுதான் வெளங்கிச்சு. "வாத்தத்தான் வெரட்டிவிட்ட. சரி, கோட்டித்தனம், போவட்டும்"ன்னான். "அத மறைக்க என் கண்ண வச்சா கதை விடுத? ஒனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையா?" "லே, சத்தியமாலே." "ஒன் சத்தியத்த எத்தனை தடவ கேட்டிருக்கேன்." எந்திரிச்சான். தண்ணிக்குள்ள எறங்கி, குடுக்கை ஒவ்வொண்ணா எடுத்து, கயித்தச் சுத்தி, தோளுல போட்டுக்கிட்டுக் கரையேறிப் போயிட்டான். வெயிலு வந்துட்டு.

வியாழக்கிழமை சாத்தாங்குளத்துக்காரவ வந்தாவ. தையில தங்கப்பழத்துக்குக் கல்யாணம் முடிஞ்சுது, போவும்போது எங்க வீட்டுப் பக்கம் திரும்பியே பாக்கல. லிங்கத்துரை என்கிட்ட இப்பம் பேசுதான், அதச் சொல்லணும். கடைத்தெருவுல நாலு பேரு கூடிட்டா அவனே தொடங்குவான்: "எங்க அண்ணன் ஒரு புளுகு விட்டான் பாருங்க, இதுவரைக்கும் அவன் விட்டதுலயே பெரிய புளுகு. என் கண்ண அவன்தான் எடுத்தானாம்!" சிரிக்கான். எல்லாவனும் சிரிக்கான். நான் அழுததையும் நடிச்சுக் காட்டுதான், நல்லா நடிக்கான், என்னைய விட நல்லா. அங்க நின்னு நானும் பல்லக் காட்டுதேன், வேற என்ன செய்ய.

கேட்டாச்சுல்லா? எங்க எந்திரிக்கிய, உக்காருங்க. தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிருக்கேன், கூலி குடுக்காம ஒருத்தனும் வாசலத் தாண்ட முடியாது. உங்கள்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நேரா லிங்கத்துரைகிட்டப் போயி "ஒங்க அண்ணன் சொன்னது நெசம், நான் நம்புதேன்"னு சொல்லணும். அதுதான் கூலி. என்ன, எல்லாவனும் தரையப் பாக்கிய? முடியாதா? அப்பம் ஆளுக்கு ரெண்டு உளுந்தவடை, சூடா, சட்னியோட. நடுவுல சிரிச்சவன் நாலு. ஏ மூலையில இருக்கவனே, ஒன்னத்தான், நீ இன்னும் சிரிக்க. ஒனக்கு ஆறு.